விரிசலும் முறிவும்: முறிவு விசையியல் நோக்கில் கும்மிடிப்பூண்டிக் கட்டுமானக் கம்பிகள்

ஆய்வுச் சுருக்கம்

கட்டுமானப் பொருள்கள் எவ்வாறு விரிசலுற்று முறிகின்றன என்பதை ஆராயும் துறை முறிவு விசையியல். அத்துறையின் அடிப்படைகளையும், டெக்சாஸ் பல்கலைக்கழக ஆஸ்டின் வளாகப் பொறியியல் பேராசிரியர் கே. ரவி-சந்தரின் ஆய்வு முடிவுகள் சிலவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது. திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் உருவாகும் கம்பிகளை வலிமை என்னும் ஒரே அளவுகோலால் மதிப்பிடல் போதாது என்பது இதன் துணிபு.

திறவுச் சொற்கள்: முறிவு விசையியல், விரிசல், உடைவுத்தடை, முறுக்குக்கம்பி, கும்மிடிப்பூண்டி.

முன்னுரை

மயிற்பீலி ஏற்றிய வண்டியாயினும் சுமை மிகின் அச்சு முறியும் என்பது திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் காட்டும் உவமை. சுமை, தாங்குதிறனைக் கடக்கும்போது பொருள் முறியும் என்பதே நெடுங்காலம் பொறியியலின் கருத்தாகவும் இருந்தது. ஆயின், அளவுக்கு உட்பட்ட சுமையிலும் பொருள்கள் முறிகின்றன. 1943 சனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் துறைமுகத்தில் நின்றிருந்த 'ஸ்கெனெக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல், அலைமோதலோ புயலோ இன்றி ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. இத்தகைய முறிவுகளே புதிய துறையொன்றின் வளர்ச்சிக்கு வழிவகுத்தன.

விரிசல் பற்றிய கோட்பாடு

பொருளில் உள்ள துளையின் விளிம்பில் தகைவு பன்மடங்காகும் என்பதை 1913-இல் இங்கிலிஸ் கணக்கிட்டார். இழுவிசைக்குக் குறுக்காக, அகலத்தைப் போல் 10 மடங்கு நீளமுடைய நீள்வட்டத் துளை இருப்பின், அதன் முனையில் தகைவு 21 மடங்காகும். 1921-இல் கிரிஃபித், கண்ணாடி இழைகளைச் சோதித்து, விரிசல் வளரும்போது விடுபடும் ஆற்றல், புதிய பரப்பை உருவாக்கத் தேவையான ஆற்றலுக்கு ஈடாகும்போது முறிவு தொடங்கும் என நிறுவினார். எனவே, பொருளின் தாங்குதிறனோடு அதிலுள்ள குறையின் அளவும் முறிவைத் தீர்மானிக்கிறது.

ரவி-சந்தரின் ஆய்வுகள்

தொடங்கிய விரிசல் எவ்வாறு விரைகிறது? ரவி-சந்தரும் வுல்ஃப்காங் நாஸும் 1984-இல் நான்கு பகுதிகளாக வெளியிட்ட ஆய்வு இவ்வினாவை எதிர்கொண்டது. ஒளிபுகும் நெகிழித் தகட்டில் ஓடும் விரிசலை அதிவேக ஒளிப்படக் கருவியால் அவர்கள் பதிவுசெய்தனர். விரிசல் தனியொரு கோடாக முன்னேறவில்லை. அதன் முனைக்கு முன்னே நுண்விரிசல்கள் பல தோன்றி, ஒன்றையொன்று தாக்கி, இணைந்து வளர்ந்தன. விரிசலின் வேகம் கோட்பாட்டு உச்சத்தை எட்டாமைக்கும், அது கிளை பிரிவதற்கும் இந்நுண்விரிசல்களே காரணம் என அவர்கள் விளக்கினர்.

உலோகங்களின் முறிவு வேறு தன்மையது. அவை முதலில் நீளும். உள்ளிருக்கும் நுண்துகள்களைச் சுற்றி வெற்றிடங்கள் தோன்றும். அவை வளர்ந்து இணையும்போது உலோகம் முறியும். இதனை முன்கணித்தல் எளிதன்று. 2012-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம், சோதனை முடிவை வெளியிடாமல், எஃகுத் துண்டொன்றின் முறிவைக் கணிக்குமாறு அறைகூவல் விடுத்தது. 13 குழுக்கள் அளித்த விடைகள் தம்முள் பெரிதும் வேறுபட்டன. அதில் ரவி-சந்தரின் குழுவும் பங்கேற்றது.

கும்மிடிப்பூண்டிக் கம்பிகள்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய இரும்பைத் தூண்டல் உலையில் உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலைகள் பல உள்ளன. தூண்டல் உலை உருக்குவதில் திறன்மிக்கது. ஆனால் பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவற்றை நீக்குவதில் வரம்புடையது. ஆகவே, உலையில் இடப்படும் பழைய இரும்பின் தரமே பெரும்பாலும் கம்பியின் தரமாகிறது. பாஸ்பரஸ் படிகமணிகளின் எல்லைகளில் சேர்ந்து எஃகை நொறுங்கச் செய்யும். கந்தகம் மாங்கனீசுடன் கூடி உருவாக்கும் துகள்கள், முற்கூறிய வெற்றிடங்களுக்குப் பிறப்பிடமாகும்.

இவ்வேறுபாட்டை இந்தியத் தர அளவையான ஐ.எஸ். 1786 (2008) உணர்த்துகிறது. 'எஃப்.இ. 500', 'எஃப்.இ. 500டி' ஆகிய இருவகைக் கம்பிகளும் நிலையாக நீளத் தொடங்கும் குறைந்தபட்சத் தகைவு ஒன்றே. சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். ஆனால் முறியுமுன் முன்னது 12 விழுக்காடும் பின்னது 16 விழுக்காடும் குறைந்தது நீளவேண்டும். பாஸ்பரஸ், கந்தகம் ஒவ்வொன்றின் உச்ச அளவும் முன்னதில் 0.055 விழுக்காடு, பின்னதில் 0.040 விழுக்காடு. கடையில் 'ஐந்நூறு' என்று மட்டும் கேட்டு வாங்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

சொல்லாட்சி

வழக்கில் 'வலிமை', 'உறுதி', 'கடினம்' என்பன ஒருபொருட் சொற்களாக ஆளப்படுகின்றன. கண்ணாடி கடினமானது, எனினும் எளிதில் உடையும். ஆகவே, கீறலைத் தடுக்கும் பண்பைக் 'கடினம்' என்றும், சுமையைத் தாங்கும் அளவை 'வலிமை' என்றும், விரிசல் வளர்வதைத் தடுக்கும் பண்பை 'உடைவுத்தடை' என்றும் வரையறுத்து ஆளுதல் தகும். வளைதல், ஒடிதல், முறிதல், பிளத்தல், நொறுங்குதல் எனப் பேச்சுத்தமிழ் முறிவின் வகைகளை முன்பே பகுத்து வைத்துள்ளது. கலைச்சொல்லாக்கம் அவ்வளத்தைப் பயன்கொள்ளலாம்.

முடிவுரை

நிலநடுக்க மண்டல வரைபடம் 2002-இல் திருத்தப்பட்டபோது சென்னை மூன்றாம் மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. நிலம் அதிரும்போது, நீளும் கம்பி கட்டடத்தைத் தொங்கலாகவேனும் நிறுத்தி, உள்ளிருப்போர் வெளியேற நேரம் தரும். நொறுங்கும் கம்பி அதனைத் தராது. கம்பியை வாங்கும் குடும்பத்தார் பெரும்பாலும் பேசுவது தமிழ். எனவே, உடைவுத்தடை என்னும் கருத்தைத் தமிழில் தெளிவுறுத்துவது மொழிப்பணியாவதோடு உயிர்காக்கும் பணியுமாகும்.