பிரேக் எழுப்பும் ஓசை

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், என் மகனுடைய வண்டியில் குடும்பத்தார் அறுவரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். காரவள்ளி அடிவாரம் வரை அப்பாதையில் கொண்டையூசி வளைவுகள் 70 உள்ளன. பாதி வழி இறங்கியதும், அம்மிக்கல்லின்மேல் இரும்புச் சட்டியைத் தேய்த்தாற்போன்ற ஓசை முன்சக்கரம் ஒன்றிலிருந்து எழுந்தது. பிரேக்கை மிதிக்குந்தோறும் எழுந்தது. காலை எடுத்தால் அடங்கியது. பின்னிருக்கையிலிருந்த என் பேத்தி, "தாத்தா, வண்டி பல்லைக் கடிக்கிறது" என்றாள்.

நேயர்களே, அவள் கூறியது அன்றுதான். வண்டியோ இரண்டு மாதங்களாகவே கூறிக்கொண்டிருந்தது. மெல்லிய கீச்சொலி ஒன்று அவ்வப்போது கேட்கும். நான் வண்டியிலிருந்த வானொலியைச் சற்று உரக்க வைத்துக்கொள்வேன். வானொலி நிலையத்தில் அமர்ந்து இதனை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

எஸ்.யு.வி. என்று இன்று வழங்கும் இவ்வுயர்ந்த குடும்ப வண்டிகளில், முன்சக்கரத்தோடு டிஸ்க் எனப்படும் இரும்பு வட்டத்தட்டு ஒன்று சுழலும். காலிப்பர் என்னும் பிடி அதன் இருபுறமும் இரண்டு பேடுகளை வைத்து அழுத்தும். பேடு என்பது இரும்புத் தகட்டின்மேல் உராய்வுப் பொருளை ஒட்டிய துண்டு. புதிதாயிருக்கையில் அப்பொருள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பல பேடுகளில் சிறியதோர் எஃகு நாக்கு உண்டு. பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். அதனை அறிந்தே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். அவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்தால், பின்னர் இரும்பும் இரும்பும் அரைபடும். 1902இல் இங்கிலாந்தில் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற லான்செஸ்டர் என்னும் பொறியாளர், செம்புப் பட்டைகளை வைத்துப் பார்த்து, இவ்வோசையால்தான் பெரிதும் அல்லலுற்றார்.

ஆயினும் அரைக்கும் ஓசை யாவும் பேடு தேய்ந்ததன் ஓசையன்று. மழையில் நனைந்து இரவு முழுதும் நின்ற வண்டி, காலையில் இரண்டொரு முறை கரகரக்கும். அது டிஸ்க்கின்மேற் படிந்த துரு, தானே போய்விடும். பிரேக்கைத் தொடாதபோதும் ஓசை விடாது கேட்பின், டிஸ்க்கிற்கும் அதன் பின்னுள்ள மறைப்புத் தகட்டிற்கும் இடையே கல் சிக்கியிருக்கலாம். வண்டியைச் சற்றுப் பின்னோக்கிச் செலுத்தினால் பல வேளைகளில் அது விழுந்துவிடும். வேகத்தோடு உயர்ந்து, வளைவில் திரும்பும்போது மாறும் ஓசையாயின், வீல் பேரிங்கைப் பார்க்கவேண்டும். ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன், எப்போது கேட்கிறது, எப்போது அடங்குகிறது என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்க. மருத்துவரிடம் காய்ச்சல் வந்த நேரத்தைச் சொல்வது போன்றது அது.

எனக்கு ஐயத்திற்கு இடமே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அங்கு நின்றபடி, வகுப்பில் எத்தனையோ ஆண்டு நடத்திய கணக்கொன்றை மனத்திற்குள் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு 2000 கிலோகிராம் எடையுள்ள வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்கினால், இழக்கும் ஆற்றல் 60 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பிரேக் ஒன்றையே நம்பி இறங்கினால் அவ்வெப்பத்தின் பெரும்பகுதியை அச்சிறு பேடுகளே தாங்கவேண்டும். அதன்பின் முதலாம் கியரிலேயே, எஞ்சின் பிடித்து நிறுத்த, ஊர்ந்து இறங்கினோம். ஒவ்வொரு சில வளைவுக்கும் நின்று ஆறவிட்டோம். வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

மறுநாள் எங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் சக்கரத்தைக் கழற்றினார். உட்புறப் பேடு வெறும் இரும்பாயிருந்தது. வெளிப்புறப் பேட்டிலோ இன்னும் 6 மில்லிமீட்டர் இருந்தது. அவர் இரண்டையும் என் கையில் கொடுத்து, "ஐயா, ஏன் இந்த வேறுபாடு என்று சொல்லுங்கள்" என்றார். என்னிடம் படித்தவர் என்னையே வினவினார். எனக்கு விடை தெரியவில்லை.

விடை காலிப்பரில் இருந்தது. அதில் பிஸ்டன் உட்புறம் மட்டுமே உண்டு. அது உட்பேட்டை அழுத்தும்போது, காலிப்பர் முழுதும் இரண்டு பின்களின்மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேட்டையும் இழுத்து அழுத்தவேண்டும். ஒரு பின் துருவேறி இறுகிவிட்டதால் அது நகரவில்லை. வேலை முழுவதும் உட்பேட்டின்மேல் விழுந்தது. ஏழு மாதங்களுக்கு முன்னர்தான் வேறொரு பணிமனையில் பேடுகளை மாற்றியிருந்தோம். பின்களை அங்கு ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை. அன்றும் பேடுகளை மட்டும் மாற்றியிருந்தால், அடுத்த ஏழாம் மாதம் அதே மலையில் அதே ஓசையைக் கேட்டிருப்போம்.

பின்களைத் துரு நீக்கி, பிரேக்கிற்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸ் இட்டு, கிழிந்திருந்த ரப்பர் உறைகளை மாற்றினார். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதச் செய்துவிடும். டிஸ்க்கில் விரல் நகம் தடுக்குமளவு பள்ளங்கள் இருந்தன. "லேத்தில் கடைந்து கொள்ளலாமே, அப்பா" என்றான் என் மகன். செலவைக் கண்டு எனக்கும் அவ்வெண்ணமே. ஆனால் டிஸ்க்கின்மேலேயே அதன் குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டுள்ளது. அளந்தபோது ஏற்கெனவே அதற்குக் கீழே போயிருந்தது. மறுபேச்சின்றி இரு சக்கரங்களுக்கும் புதியன வாங்கினோம். ஒருபுறம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாயின் 230 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் அவ்வெல்லை 155 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் அது கொதித்து ஆவியாயின், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று.

வீட்டிலேயே பேடு மாற்ற முனையும் இளைஞர்கள் சிலவற்றை மறவற்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கைந்நீட்டலாகாது, ஸ்டாண்டு வைக்கவேண்டும். காலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுக. பிரேக் தூசியை வாயால் ஊதாதீர். எல்லாம் பூட்டிய பின், மிதி இறுகும்வரை பலமுறை மிதித்துவிட்டே வண்டியை நகர்த்துக. முதல் மிதி வெறுமையாய்ப் போகும்.

புதிய பேடுகள் படியும்வரை சில நாள் கடுமையாகப் பிரேக் போடவேண்டாமென்று மாணவர் கூறியனுப்பினார். தேய்ந்த பேடுகள் இரண்டும் இப்போது என் மேசைமேல் காகிதங்களுக்குப் பாரமாக இருக்கின்றன. வருவோரிடம் அவற்றைக் கொடுத்து, வேறுபாட்டிற்குக் காரணம் கேட்டு வருகிறேன்.