மட்கார்டுக்குள் வளரும் கறள்: பழைய கார்களுக்கு லைனர் போடுவது எப்படி, எப்போது?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பொனற்றைத் திறக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், புகை வருகிறதா என்று பார்க்கிறார்கள். அப்புத்தளையில் நீண்ட காலமாக டிங்கரிங் வேலை செய்யும் ஒருவர் பொனற்றைக் கடைசியில்தான் திறப்பார். முன்சில்லை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பச் சொல்லிவிட்டு, டோர்ச்சுடன் குனிந்து, மட்கார்டின் உட்பக்க மூலைகளுக்குள் கையை விடுவார். கையோடு ஈர மண் வந்தால் விலையைக் குறைத்துப் பேசச் சொல்வார். மண்ணோடு தகட்டுத் துகளும் வந்தால், “எஞ்சின மாத்திக்கலாம் தம்பி, பொடிய எங்க போயி வாங்குறது?” என்று எழுந்துவிடுவார்.

அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், எம்.ஜி. போன்ற அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களின் எஞ்சின்கள் எளிமையானவை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தக் கைவித்தை இந்தத் தளத்தின் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். எஞ்சின் எதையும் தாங்கியது. வண்டிகளைக் கொன்றது பெரும்பாலும் கறள்தான். மலையகத்தில் அதைத் துரு என்பார்கள். பெயர் எதுவானாலும், அது வேலையைத் தொடங்கும் இடங்களில் முதன்மையானது சில்லுக்கு மேலே இருக்கும் அந்த இருட்டுப் பொந்து.

அந்தப் பொந்துக்குள் ஒரு உறை போட்டுத் தகட்டைக் காப்பாற்றலாம். இன்றைய ஜப்பானிய, இந்தியக் கார்களில் அது தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வருகிறது. பழைய கார்களுக்கு நாமே செய்ய வேண்டும். சரியாகச் செய்தால் தகட்டின் ஆயுள் கூடும். பிழையாகச் செய்தால், உறை இல்லாமல் விட்டதைவிட வேகமாகக் கறள் பிடிக்கும். இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

மண் எப்படித் தகட்டைத் தின்கிறது?

ஓடும் சில்லு மண்ணையும் தண்ணீரையும் சிறு கற்களையும் கார் ஓடும் அதே வேகத்தில் வீசுகிறது. கற்கள் முதலில் பெயின்றைக் கொத்துகின்றன. பிறகு மண் போய் ஒட்டுகிறது. தட்டையான இடத்தில் ஒட்டிய மண் அடுத்த மழையில் கழுவப்பட்டுவிடும். மடிப்புகளிலும் மூலைகளிலும் ஒட்டியது அங்கேயே தங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புண்ணில் கட்டிய ஈரப் பத்துப் போல.

மண்ணுக்கு அடியில் உள்ள இரும்புக்குக் காற்று குறைவாகக் கிடைக்கிறது. மண்ணின் ஓரத்தில் உள்ள இரும்புக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கிறது. ஈரத்தின் வழியே இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் ஒரு சிறு பற்றரி உருவாகிறது. அதில் கரைந்து போவது காற்றுக் குறைந்த இடம், அதாவது மண்ணுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தகடு. வெளியே பெயின்ற் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே ஓட்டை விழுவதற்குக் காரணம் இதுதான்.

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் உள்ள மலை விளிம்பு. மழை நின்றாலும் பனிமூட்டம் நிற்பதில்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டினாலே இரும்பு கறள் பிடிக்கும் வேகம் கூடுகிறது. இங்கே மூட்டம் இறங்கும் நாட்களில் அது நூறை நெருங்கி நிற்கும். தோட்டத்து வீதிகளின் செம்மண் ஒட்டினால் லேசில் விடாது. உர மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு இன்னொரு எதிரி உண்டு. தேயிலைக்குப் போடும் அமோனியம் சல்பேற் இரும்பைக் கடுமையாக அரிக்கும் உப்பு. வடக்கில் கடற்காற்று செய்யும் வேலையை இங்கே உரமும் மூட்டமும் சேர்ந்து செய்கின்றன.

இரண்டு கார்கள், ஒரே நோய்

இந்த நோயைப் புரிந்துகொள்ள எம்.ஜி.பி. நல்ல உதாரணம். 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட இந்த ஸ்போர்ட்ஸ் காரில், முன்சில்லுக்குப் பின்னால் மண் தடுக்க ஒரு சிறு தகட்டையும் அதன் ஓரத்தில் ஒரு றப்பர் பட்டியையும் வைத்தார்கள். எண்ணம் நல்லது. ஆனால் றப்பர் சில வருடங்களில் உலர்ந்து சுருங்கிவிடும். அந்த இடைவெளியால் மண் உள்ளே போகும், வெளியே வர வழி கிடையாது. மட்கார்டின் அடிப்பகுதியும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியின் முனையும் அதனால்தான் முதலில் போகின்றன. தடுப்பதற்காக வைத்த தகடே மண்ணைச் சேர்த்து வைக்கும் பெட்டியாகிவிட்டது.

மலையகத்தில் எம்.ஜி. கார்கள் அபூர்வம். நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியின் மரபில் வந்தவர்களிடம் அவற்றைப் பார்க்கலாம். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் கராஜுக்கு வருவது பெரும்பாலும் மொரிஸ் மைனர். 1948 இல் அறிமுகமான இந்தக் கார் 1971 வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்டது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 16 இலட்சம் விற்பனையானது. அதன் ஸ்ரேரிங் அமைப்பைத்தான் 1958 இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைற் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் எடுத்தார்கள். மைனரில் மண் தங்கும் இடங்கள் ஹெட்லைற் கிண்ணத்தின் பின்புறம், முன் மட்கார்டு கதவுத் தூணைச் சந்திக்கும் கீழ் மூலை, பின்புற இலைச் ஸ்பிரிங் பொடியோடு சேரும் இடம். கடைசியாகச் சொன்னது உயிரோடு சம்பந்தப்பட்டது. அந்த இடம் இற்றுப்போனால் ஸ்பிரிங் பொடியை விட்டுக் கழன்றுவிடும்.

மைனரில் ஒரு வசதி உண்டு. நான்கு மட்கார்டுகளும் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை, கழற்றலாம். இலங்கையின் டிங்கரிங் கைத்திறனும் இந்தக் காரில் பெயர் பெற்றது. பிரித்தானியாவின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் இந்தக் காருக்கான பொடித் தகடுகளை இலங்கையில் செய்வித்துத் தன் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். தகடு அடிக்கத் தெரிந்த கைகள் நம் நாட்டில் எப்போதும் இருந்திருக்கின்றன.

மூடி மறைப்பதற்காக அல்ல

இந்த விடயத்தை நான் எழுதக் காரணமானவர் வன்னியிலிருந்து வந்து அப்புத்தளையில் வசிக்கும் ஒருவர். அவருடைய பெற்றோர் இங்குள்ள தோட்டமொன்றில் பிறந்து, 1977 வன்முறைக்குப் பின் வன்னிக்குப் போனவர்கள். 2009 இல் தன் வானை முள்ளிவாய்க்கால் வீதியோரத்தில் விட்டுவிட்டு நடந்தார். அப்படி விடப்பட்ட வாகனங்கள் பிறகு குவியல் குவியலாகக் கிடந்து கறள் பிடித்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இப்போது அவரிடம் இருப்பது ஒரு மொரிஸ் மைனர். கல்யாண வீடுகளுக்கு அலங்கரித்து வாடகைக்குக் கொடுக்கிறார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு வரும் புதிய வாகனத்தின் விலை அவருக்கு எட்டாது. இந்தக் கார் போனால் தொழிலும் போகும்.

அவர் கராஜுக்கு வந்தது லைனர் போடுவதற்கு. மட்கார்டின் உள்ளே இற்றுப்போன தகடு வாடகைக்கு எடுப்பவர்கள் கண்ணில் படாமல் மூட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். டிங்கரிங்காரர் மறுத்துவிட்டார். முதலில் வெட்டி வெல்டிங் செய்வோம், பிறகு லைனர் என்றார். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் காசு இல்லை என்றபோது, லைனரை விட்டுவிட்டு ஸ்பிரிங் பூட்டும் இடத்தை மட்டும் உடனே செய்யச் சொன்னார். அன்று அப்படித்தான் முடிந்தது. லைனர் நான்கு மாதம் கழித்துப் போடப்பட்டது. அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

செய்யும் முறை

முதல் வேலை கழுவுதல். மட்கார்டைக் கழற்றி, எல்லா மடிப்புகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, குறைந்தது இரண்டு வெயில் நாட்கள் காய விட வேண்டும். காய்ந்த பின் ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே போகும் இடமெல்லாம் வெட்டப்பட வேண்டிய இடம். வெல்டிங் முடிந்ததும் வெறும் இரும்பு வரை சுத்தம் செய்து, எபொக்சி பிரைமர், தகடுகள் சேரும் இடங்களில் சீலர், அதன் மேல் பெயின்ற்.

இங்கே பலர் பழைய எஞ்சின் ஒயிலை அடித்துவிட்டு விடுவார்கள். அது தூசியை இழுத்துப் பிடிக்கும், றப்பர் புஷ்களை ஊத வைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. தார் போன்ற அண்டர்கோட் தொடக்கத்தில் நன்றாக இருக்கும். வெடிப்பு விழுந்த பிறகு அதற்குள் தண்ணீர் புகுந்து வெளியேறாமல் நிற்கும்.

அடுத்தது அச்சு. கார்ட்போர்ட் பெட்டியை வெட்டி, பொந்துக்குள் வைத்து வைத்துத் திருத்த வேண்டும். ஒரே துண்டாகச் செய்ய முயல வேண்டாம். முன்சில்லுக்கு முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகச் செய்து, மேலே ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விட்டால் பூட்டவும் கழற்றவும் சுலபம்.

பொருளுக்கு எங்கும் கிடைப்பது நீலப் பிளாஸ்டிக் பரல். முக்கோணத்துக்குள் 2 என்ற இலக்கம் இருந்தால் அது எச்.டி.பி.ஈ., இதற்குப் பொருத்தமானது. குளிரில் வெடிக்காது, கல்லடி தாங்கும், மண் எளிதில் விட்டுவிடும். இலக்கம் 3 என்றால் பி.வி.சி., சூடாக்கினால் நச்சுப் புகை வரும், தொடவேண்டாம். கிருமிநாசினி, களைநாசினி இருந்த பரல்களையும் தவிர்க்க வேண்டும். 200 லீற்றர் பரலின் விட்டம் 60 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, மைனரின் ரயர் விட்டமும் கிட்டத்தட்ட அதுதான். லைனரோ ரயரைவிடப் பெரிய வளைவில் நிற்க வேண்டும். ஆகவே பரல் துண்டை ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி விரிக்க வேண்டும். 130 பாகை அளவில் இந்தப் பிளாஸ்டிக் உருகும் என்பதால், ஒரே இடத்தில் சூட்டைப் பிடிக்காமல் கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூட்டுவதில்தான் அனுபவம் தெரியும். மட்கார்டை ஏற்கெனவே பிடித்திருக்கும் போல்ட்களையே பயன்படுத்துவது முதல் விதி. புதிய ஓட்டை ஒவ்வொன்றும் கறளுக்குத் திறந்த கதவு. தவிர்க்க முடியாவிட்டால், துளைத்த இடத்தில் பிரைமர் பூசி, கிறீஸ் வைத்து, நைலோன் வொஷரோடு பூட்ட வேண்டும். பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். ஒரு மீற்றர் நீளமான துண்டு, அதிகாலைக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் இடையே சில மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். ஆகவே லைனரில் போடும் ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டிய இடத்தில் கிழியும்.

எம்.ஜி.பி. கற்றுத்தந்த பாடம் இங்கேதான் வருகிறது. லைனருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். கீழ் விளிம்பு திறந்திருக்க வேண்டும். ஓரங்களில் பஞ்சோ ஸ்பொஞ்சோ வைத்து அடைக்கக் கூடாது. தண்ணீர் எப்படியும் உள்ளே போகும். போனது வடிய வேண்டும், காற்றுப் பட்டுக் காய வேண்டும். முழுதாக அடைக்க முயன்ற லைனர்தான் தகட்டைக் கொல்லும்.

கடைசிச் சோதனை பாதுகாப்புக்கானது. சில்லை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கீழ்க்கையை ஜக்கால் உயர்த்தி, ஸ்பிரிங் முழுதாக அமுங்கிய நிலையிலும் பார்க்க வேண்டும். லைனரில் சிறு களிமண் உருண்டைகளை ஒட்டிவிட்டு இதைச் செய்தால், எங்கே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை நசுங்கிய உருண்டையே சொல்லிவிடும். இரண்டு விரல் அகலத்துக்குக் குறைவாக இருந்தால் வெட்டித் திருத்த வேண்டும். பிரேக் ஹோஸ் எந்த நிலையிலும் லைனரில் உரசக் கூடாது. பெரகலை இறக்கம் போன்ற வீதியில், உரசித் தேய்ந்த பிரேக் ஹோஸ் என்றால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. பூட்டியபின் ஐம்பது கிலோமீற்றர் ஓடிவிட்டுத் திரும்பவும் குனிந்து பார்க்க வேண்டும்.

போட்ட பிறகு

லைனர் போட்டாகிவிட்டது என்று மறந்துவிடுவது வழக்கமான பிழை. வருடத்துக்கு இரு முறை கழற்றிக் கழுவ வேண்டும். ஊவாப் பக்கம் ஒக்டோபரில் தொடங்கும் மழை ஓய்ந்ததும் ஒரு முறை, அடுத்த மழை தொடங்கும் முன் ஒரு முறை. கழற்ற அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தால் பூட்டிய விதம் பிழை. கழற்றச் சிரமமான லைனரை யாரும் கழற்ற மாட்டார்கள்.

எல்லாக் காருக்கும் இது தேவையில்லை. தரிப்பிடத்திலேயே நின்று, வெயில் நாளில் மட்டும் ஓடும் காருக்குக் கழுவித் துடைப்பதே போதும். தகடு இற்றுப்போன காருக்கு லைனர் மருந்தல்ல. தகடு நல்லதாக இருந்து, மழையிலும் தோட்டத்து வீதியிலும் தினமும் ஓடி உழைக்கும் வண்டிக்குத்தான் இது பயன் தரும். கையில் இருக்கும் காசு ஒரு வேலைக்கு மட்டுமே போதுமென்றால், வரிசை இதுதான்: முதலில் ஸ்பிரிங்கும் பிரேக்கும் பூட்டப்பட்ட இடங்கள், பிறகு சில் பகுதியும் தளத் தகடும், அதன் பின்னரே லைனர். கராஜில் யாராவது இந்த வரிசையை மாற்றிச் சொன்னால், டோர்ச்சை வாங்கி நீங்களே ஒருமுறை குனிந்து பாருங்கள்.