காதுக் குறும்பி களையல்ல!

அறுவடைக் காலத்தில் பயிர்க் கேள்விகளோடு இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "நெல் தூற்றிய பிறகு காது அடைக்கிறது, அரிக்கிறது. எதை விட்டு அழுக்கை எடுப்பது?" பாகூர், வில்லியனூர் பக்கத்து விவசாயிகளுக்குச் சுருக்கமான பதில்: எதையும் விடக் கூடாது.

காது அழுக்கு என்று நாம் சொல்லும் குறும்பி, உண்மையில் அழுக்கே அல்ல. காதுத் துளையின் வெளிப்பகுதியில் இருக்கும் சுரப்பிகளின் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த தோலும் சேர்ந்ததுதான் அது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். இலையைக் காப்பது அதன் மெழுகுப் பூச்சு. குறும்பியும் காதுக்கு அப்படித்தான். தூசியைப் பிடித்து நிறுத்தும். லேசான அமிலத்தன்மை உள்ளதால் பூஞ்சணத்தையும் கிருமிகளையும் கட்டுப்படுத்தும்.

காதுக்குள் இருக்கும் தோல், செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். சாப்பிடும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் இதற்கு உதவும். அதனால் குறும்பி தானாகவே வெளியே வந்து உதிர்ந்துவிடும்.

குச்சி விட்டால் என்ன ஆகும்?

கோழி இறகு, தீக்குச்சி, ஊக்கு, வண்டிச் சாவி என எதை விட்டாலும் கொஞ்சம்தான் வெளியே வரும். மீதி உள்ளே போய்க் கெட்டிப்படும். காதுத் துளை சுமார் 2.5 செ.மீ. நீளம்தான். அதன் முடிவில் செவிப்பறை இருக்கிறது. கை சற்று இடறினாலும் பறை கிழியலாம். கீறல் விழுந்தால் நம் கடலோர ஈரப்பதத்தில் பூஞ்சணம் எளிதில் பற்றும்.

கடையில் விற்கும் பஞ்சுக் குச்சியும் இதற்கு விலக்கல்ல. பிளாஸ்டிக் தண்டு வைத்த பஞ்சுக் குச்சிக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. அது பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க வந்த தடை. இப்போது வரும் மரக்குச்சியாலும் காதுக்கு அதே ஆபத்துதான்.

என்ன செய்யலாம்?

* நெல் தூற்றும்போது காதையும் சேர்த்துத் துண்டால் கட்டுங்கள். குளித்ததும் வெளிக்காதை மட்டும் துடையுங்கள். பூச்சிமருந்து தெளித்த கையோடு காதைத் தொடாதீர்கள்.

* குறும்பி தண்ணீரில் ஊறி உப்புவதால், குளித்த பிறகு அடைப்பு கூடும். வலி, சீழ், செவிப்பறையில் ஓட்டை, முன்பு செய்த காது அறுவை சிகிச்சை இவை எதுவும் இல்லாதவர்கள், சூடாக்காத தேங்காய் எண்ணெயை 2, 3 சொட்டு வீதம் 3 முதல் 5 நாள் விடலாம். அடைப்பு இளகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

* காதுக்குள் பூச்சி புகுந்தால் குடையாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இல்லாதவர்கள் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் பூச்சி அடங்கும். பிறகு மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

* குழந்தையின் காதில் நெல், உளுந்து, பயறு போய்விட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊறிய விதை எப்படி உப்பும் என்று விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. காதுக்குள் உப்பிவிட்டால் எடுப்பது கடினம். நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

யார் தாமதிக்கக் கூடாது?

திடீரென ஒரு காது கேட்காமல் போனால், குறும்பிதான் என்று நினைத்து எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீர்கள். நரம்புக் கோளாறாக இருந்தால் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காது வலியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. புதுச்சேரியில் ஜிப்மரிலும் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. அங்கே கருவியால் உள்ளே பார்த்துப் பக்குவமாக எடுப்பார்கள்.

குறும்பி அடைத்து மங்கிய காது, அதை எடுத்ததும் பழையபடி கேட்கும். டிராக்டர், டீசல் இன்ஜின் இரைச்சலில் வருடக்கணக்காக நின்று மங்கிய காது திரும்பாது. எனவே காது மந்தமானால் எதனால் என்று முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை பின்னால் வரும் வண்டிச் சத்தத்தை நம்பிச் சாலையிலோ வயலிலோ நிற்காதீர்கள்.