சுருள் அடங்கும் இடம்

ஸ்பின்னிங் வகைத் தூண்டில் கோலைத் தானே கட்ட விரும்புகிறவர் முதலில் தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைத் தேர்ந்துகொள்வது நல்லது. கோலை வாங்கிவிட்டு ரீலைத் தேடுவதுதான் பொது வழக்கம். ஆனால் மற்ற உறுப்புகளின் அளவையும் இடத்தையும் ரீலிலிருந்து நரம்பு கழன்று வரும் விதமே முடிவு செய்கிறது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நெசவு ஆலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-இல் ஸ்பின்னிங் வகை ரீல் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் அசையாமல் நிற்கும் பாபினிலிருந்து நூல் தலைப்பக்கமாக உருவி வரும். தூண்டிலிலும் அதே ஏற்பாடுதான். பழைய ரீல்களில் எறியும்போது நரம்பு சுற்றிய உருளையும் சுழன்றாக வேண்டும். லூர் எனப்படும் பொய் இரை லேசானதாக இருந்தால் உருளையைச் சுழற்றிவிடும் பலம் அதற்கு இருக்காது. ஸ்பூல் எனப்படும் அந்த உருளை அசையாமல் நின்றதும் ஐந்தாறு கிராம் இரைகூட நெடுந்தூரம் பறந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. நரம்பு நேராக வராமல், சுருள் சுருளாகச் சுழன்றபடி கழல்கிறது.

ஸ்பூலின் விட்டம் நாலரை சென்டிமீட்டர் என்றால் சுருளும் கிட்டத்தட்ட அவ்வளவு அகலம். கோலின் நுனித் துளையோ சில மில்லிமீட்டர்தான். இடையில் இருப்பது இரண்டு மீட்டர். கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்தச் சுழற்சி அடங்கி, நரம்பு நேர்கோடாகித் துளைக்குள் நுழைய வேண்டும். கோலின் அடிப்பக்கம் வரிசையாகக் கட்டப்படும் வளையங்கள் இதைச் செய்கின்றன. கட்டுபவர்கள் அவற்றைக் கைடு என்பார்கள். கோலில் நான் மிகவும் வியக்கும் பகுதி இதுதான்.

பெரிய வளையத்தில் தொடங்கி, புனல் போலப் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போவது பழைய முறை. ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் வேறு வழியைப் பரப்பியது: சுருளைச் சீக்கிரமே அடக்கிவிடுவது. முதல் வளையத்தின் துளை சிறியது, கால் உயரமானது. ஸ்பூலின் மையம் கோலுக்குச் சில சென்டிமீட்டர் கீழே இருப்பதால், உயரக் கால் வளையம் நரம்பை அதன் வழியிலேயே எதிர்கொள்கிறது. ஸ்பூலின் அச்சு பெரும்பாலும் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதைக் கற்பனைக் கோடாக முன்னே நீட்டினால் ஓரிடத்தில் கோலைத் தொடும். சுருள் அங்கே முழுவதும் அடங்கிவிட வேண்டும். அதற்கப்பால் உள்ள வளையங்களெல்லாம் ஒரே சிறிய அளவு. ரீல் மாறினால் அந்த இடமும் மாறிவிடும்.

சிறிய வளையத்தால் இன்னொரு பெரிய லாபம் உண்டு. பிடியிலிருந்து 50 செ.மீ. தள்ளியிருக்கும் ஒரு கிராமைவிட, 200 செ.மீ. தள்ளியிருக்கும் அதே ஒரு கிராம் கோலின் வீச்சுக்கு 16 மடங்கு தடை தருகிறது. தடை தொலைவின் வர்க்கத்தில் ஏறுவதால் இப்படி. நுனி கனத்தால், எறிந்த பின்னும் அது துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு நரம்பில் அலையாகி எறிதூரத்தைக் குறைக்கும். வளையத்தைக் கட்டும் நூலின்மேல் பூசும் எபாக்சிப் பிசினும் எடைதான் என்பதைப் புதியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

வளையத்தின் உள்வட்டத்துக்குச் சிலிக்கான் கார்பைடு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பேன். இன்றைய பின்னல் நரம்பு பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. 150 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே உருகிவிடும். பெரிய மீன் இழுத்தோடும்போது உரசலில் எழும் சூட்டை இந்தப் பொருள் விரைவாகக் கடத்திவிடுகிறது. அறுபட்டுத் தடம் விழாத கடினமும் அதற்கு உண்டு. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் சிலிக்கான் கார்பைடு துகள்கள் இருந்தன. அவற்றில் சில சுமார் 700 கோடி ஆண்டுப் பழமையானவை என்று 2020-இல் கணித்தார்கள். நம் சூரியனின் வயது ஏறக்குறைய 460 கோடிதான்! தூண்டில் வளையத்தில் இருப்பது உலையில் செய்தது; ஆனாலும் அதே சேர்மம்.

பிளாங்க் எனப்படும் வெற்றுக் கோலில் தேர்வு பெரும்பாலும் கார்பனா, கண்ணாடி இழையா என்பதே. சாதாரண கார்பன் இழை கண்ணாடி இழையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது, எடையும் குறைவு. விறைப்பு ஏற ஏற, அடிபட்டால் உடையும் அபாயமும் கூடும். படகிலும் பாறையிலும் புழங்குகிறவருக்கு நடுத்தர விறைப்பே போதும். பிடிக்குப் போர்ச்சுகல் கார்க் அருமையானது. மரத்தை வெட்டாமல், ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார்கள். காற்று நிறைந்த நுண்ணறைகளால் ஆனதால் அது கனக்காது.

எல்லாம் வந்து சேர்ந்ததும் வளையங்களைத் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து, நுனியில் எடை கட்டிக் கோலை வளைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கு ஒரு வளையம், கூட ஒன்று என்பது கைக்கணக்கு. ஏழடிக் கோலுக்கு எட்டு. வளைவில் எங்காவது இரு வளையங்களுக்கு நடுவே நரம்பு வெடுக்கென மடங்கினால், அந்த இடைவெளியைக் குறுக்கி ஒன்பதாவதையும் சேர்த்துவிட்டு, அதன் பிறகே நூல் சுற்றத் தொடங்கலாம்.