கடுங்குளிரில் மின்சேமிப்பு

லடாக்கில் சூரிய ஒளிக்குப் பஞ்சமில்லை. குளிர்ந்த காற்றில் சூரியத் தகடுகள் செம்மையாகவே இயங்குகின்றன. இடர்ப்பாடு சேமிப்பில் எழுகிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரின் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. மின்தொடர் எட்டாத இடங்களில் பகலில் சேமித்த மின்சாரமே இரவில் விளக்கெரிக்கும்.

இச்சேமிப்புக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் இன்று பெரிதும் விரும்பப்படுகின்றன. ஈய-அமில மின்கலத்தைவிட இவற்றின் எடை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சுழியத்துக்குக் கீழும் இவை, திறன் குறைந்தேனும், மின்சாரம் வழங்கும். அந்நிலையில் மின்னேற்றம் மட்டும் செய்யலாகாது.

காரணம் எளிது. மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் மின்வாயின் அடுக்குகளுக்குள் புக வேண்டும். குளிரில் இந்நகர்வு மந்தமாகிறது. உட்புக இயலாத அயனிகள் மேற்பரப்பில் உலோகமாகப் படிகின்றன. இதனால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. உட்புறக் குறுக்குச்சுற்று நேரும் அபாயமும் உண்டு. மின்கலம் மிகக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில்தான் சூரியத் தகடு மின்னேற்றத்தைத் தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, மின்கலத்தை வீட்டினுள் வெப்பக்காப்புடன் வைத்தல். இரண்டாவது, குளிரில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி. மூன்றாவது, வெப்பமூட்டும் பட்டை.

வெப்பமூட்டுதல் வீண்செலவு என்ற ஐயம் எழலாம். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் 1,280 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். எடை ஏறத்தாழ 12 கிலோ. இதனைச் சுழியத்துக்குக் கீழ் 15 டிகிரியிலிருந்து மேல் 5 டிகிரிக்குக் கொணர, கணக்கின்படி சுமார் 70 வாட்-மணி தேவை. வெப்ப இழப்புக்காக இதனை இருமடங்காகக் கொண்டாலும், அது சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். இரவு முழுவதும் சூடேற்றுவதோ பெருஞ்செலவு. ஆகவே காலையில் தகட்டின் மின்சாரம் முதலில் பட்டைக்கும், பின்னரே மின்கலத்துக்கும் செல்வது சிக்கனமாகும்.

லடாக்கின் 13 கிகாவாட் மின்திட்டத்துக்கான மின்தொடருக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 12 கிகாவாட்-மணி மின்கலச் சேமிப்பும் அதில் இடம்பெற்றுள்ளது. சேமிப்பு பெருகும்போது பொதுப்பணமும் அதில் முடங்குகிறது. ஒப்பந்தப் புள்ளிகளில் குறைந்த விலையை மட்டும் கருதி, குளிர்க்காப்பு ஏற்பாடுகளை விட்டுவிடுவது உண்மையான சிக்கனம் ஆகாது. பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய மின்கலத்தைச் சில பனிக்காலங்களிலேயே அது பயனற்றதாக்கிவிடக்கூடும்.