மழையிலும் புழுக்கத்திலும் உழைக்கும் கேமரா



சிங்கப்பூருக்கு வந்து போகும் தோட்டத்து அன்பர்கள் பலருக்கு டோபி காட் என்ற பெயர் பழக்கமானதே. மூன்று ரயில் தடங்கள் கூடும் நிலையம் அது. இந்தி மொழியில் தோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்றால் படித்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடைக்குப் பிராஸ் பாசா என்று பெயர். மலாயில் அதற்கு ஈர அரிசி என்பது பொருள். துவைப்பது பெரிதன்று, இந்த ஊர்க் காற்றில் உலர்த்துவதுதான் பெரிது என்பதை அந்தத் தொழிலாளர்கள் நன்றாக அறிந்திருப்பார்கள். வெளியிடங்களில் இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்கக் கேமரா வாங்க நினைப்பவரும் முதலில் அறிய வேண்டியது இதையேதான்.

தோட்டத்தில் வாழும் நமக்குக் காட்சிப் படம் எதற்கு, கல்யாணப் படம் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். மலேசியாவில் பிராங் பெசார் என்றொரு தோட்டம் இருந்தது. 1921-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ரப்பர்த் தோட்டம். அதுவும், அதை அடுத்திருந்த கல்லோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களும் இருந்த நிலத்தில்தான் 1995 முதல் புத்ராஜெயா நகரம் எழுந்தது. அங்கு வேலை செய்த குடும்பங்கள் டிங்கில் வட்டாரத்துத் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. பால்மர வரிசைகள் நின்ற இடத்தில் இன்று ஏரியும் அமைச்சுக் கட்டடங்களும் இருக்கின்றன. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் தெரிவார்கள். அவர்கள் நடந்து போன செம்மண் பாதை தெரியாது. லயத்தையும், கோயிலையும், பனி விலகும் நேரத்துக் காட்டையும் ஒருவர் வேண்டுமென்றே நின்று எடுத்தால்தான் உண்டு. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நடுவதானாலும், நிலத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வருவதானாலும் மறுமுறை எடுக்க இடம் இராது. ஆகவே, எடுக்கப்போகும் அன்று கருவி கைவிடக் கூடாது. நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த நாளில் இது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் 1857 டிசம்பரில் தொடங்கிச் சில மாதங்கள் திருவரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படம் பிடித்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். வெயில் நாட்டில் மருந்து விரைவில் காய்ந்துவிடும். டிரைப் கண்ணாடியோடு மெழுகு தோய்த்த காகிதத்தையும் கையாண்டார். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், உடையாது, எடையும் குறைவு. நாட்டுக்கு ஏற்ற கருவி எது என்று பார்த்தாரே தவிர, லண்டனில் எது புதிது என்று பார்க்கவில்லை. இன்று கேமரா விளம்பரங்களைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

சரி, கையில் ஓரளவு சேமிப்பு இருக்கிறது. முதலில் எதை வாங்குவது? முக்காலியை வாங்குங்கள் என்பேன். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். அதிகாலையில் பால்மரக் காட்டுக்குள் நின்று பாருங்கள். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும். கேமராவுக்கு அது அரை இருட்டு. முன்னே கிடக்கும் சருகு முதல் தூரத்து மரம் வரை தெளிவாக விழ வேண்டுமானால், லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்க வேண்டும். அப்போது ஷட்டர் அரை வினாடி, ஒரு வினாடி என்று திறந்திருக்கும். எவ்வளவு உறுதியான கையும் ஒரு வினாடி அசையாமல் நிற்காது. ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய கேமராவில் மங்கலான படம் விழுவதற்குப் பெரும்பாலும் இந்த அசைவே காரணம்.

முக்காலியில் பார்க்க வேண்டியவை சில. கால்கள் நாலைந்து துண்டுகளாக மடிவதைவிட மூன்று துண்டுகளாக மடிவது உறுதி. கடைசித் துண்டு பென்சில் போல மெலிந்திருந்தால் வேண்டாம். நடுத்தண்டை உயர்த்தாமலே உங்கள் மார்பு அளவுக்காவது வர வேண்டும். தண்டை உயர்த்தினால் மூன்று கால் ஒற்றைக் காலாகிவிடும். அது தாங்கும் என்று எழுதியிருக்கும் எடை, உங்கள் கேமரா எடையின் இரு மடங்குக்குக் குறையக் கூடாது. கார்பன் இழையால் ஆனது இலேசு, ஆனால் விலை கூட. அலுமினியம் போதும். கால் பூட்டுகளைக் கழற்றிச் சேறு கழுவ முடிகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். நம் மண்ணில் ஒரு மழைக்காலம் பயன்படுத்திய பிறகு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். படமெடுக்கும்போது விரலால் அழுத்தாமல், இரண்டு வினாடி கழித்துத் தானே எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது உண்டு.

கேமராவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 24 மெகாபிக்செல் என்றால் படத்தின் அகலம் ஏறத்தாழ 6,000 புள்ளி, உயரம் 4,000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலப் படம் கிடைக்கும். நம் வீட்டுச் சுவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஒளி உணரும் தகடு 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ளது பெரியது. அதற்கு அடுத்த அளவு, சுமார் 23-க்கு 15 மில்லிமீட்டர். அடுத்த அளவே தாராளம். அதனோடு வரும் 18–55 லென்ஸ் மலைச்சரிவுக்கும் போதும், லயத்து முகப்புக்கும் போதும்.

மழைக் காப்பு என்ற சொல் மட்டும் விளக்கம் வேண்டுவது. சில கேமராக்களில் பொத்தான்களின் அடியிலும் மூடிகளின் விளிம்பிலும் ரப்பர் வளையம் வைத்திருப்பார்கள். அது தூறலைத் தாங்கும். நீரில் முக்கத் தாங்காது. கேமராவுக்குக் காப்பு இருந்து லென்ஸுக்கு இல்லையென்றால், கூரை வேய்ந்து கதவைத் திறந்து வைத்த கதைதான். பெரும்பாலான கம்பெனிகள் மழைக் காப்பு என்று சொல்லி நிறுத்திவிடும். ஓ.எம். சிஸ்டம் கம்பெனியின் ஓ.எம்.-1 போன்ற சிலவற்றுக்கே ஐ.பி. 53 என்று அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. 5 என்பது தூசிக்கு. 3 என்பது மேலிருந்தும் சாய்வாகவும் தெறிக்கும் நீருக்கு. காற்றோடு அடிக்கும் கனமழைக்கு அதுவும் உத்தரவாதம் அன்று. ஒரு நல்ல பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் வளையத்தால் கட்டினால், காசில்லாத மழைக் காப்பு கிடைக்கும். தொழில்முறைப் படக்காரர்களும் செய்வதுதான்.

நம் உண்மையான எதிரி மழையன்று, காற்றிலுள்ள ஈரம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். ஜொகூரிலும் பேராக்கிலும் இதே கதை. கேமரன் மலையில் மூடுபனி வேறு. இந்த ஈரத்தில் லென்ஸின் உட்புறக் கண்ணாடியில் பூசணம் பிடிக்கும். சிலந்தி வலை போல மெல்லிய இழைகளாகத் தொடங்கும். நாளடைவில் அதன் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும். அப்புறம் துடைத்தாலும் தழும்பு போகாது. கேமராவைத் தோல் உறையில் போட்டு, துணி அலமாரிக்குள் பத்திரமாகப் பூட்டி வைக்கிறோமே, பூசணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. இருட்டும் ஈரமும் அடைந்த காற்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

மின்சார உலர்பெட்டி கடைகளில் கிடைக்கிறது. வாங்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள், காற்றுப் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றையும், சிலிக்கா ஜெல் மணிகளையும், சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வாங்குங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 வரை இருக்கட்டும். மிகவும் உலர்ந்துவிட்டால் ரப்பரும் மசகும் கெடும் என்பதால் 30-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். நீல மணி இளஞ்சிவப்பாக மாறினால், அல்லது ஆரஞ்சு மணி பச்சையாக மாறினால், ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் சிறு தீயில் வைத்து வறுத்தால் பழைய நிறம் திரும்பும். நீல மணியில் சேர்க்கும் இரசாயனம் நச்சுத் தன்மை உள்ளது. குழந்தைகள் கையில் படக் கூடாது. நனைந்த கேமராவை அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள். வேண்டாம். அரிசித் தூள் உள்ளே போய் இன்னொரு தொல்லையாகும். பிராஸ் பாசாவில் ஈர அரிசி பெயரோடு நிற்கட்டும்.

இன்னொன்று. குளிர்சாதனப் பேருந்திலிருந்தோ கடையிலிருந்தோ வெளியே வந்தவுடன் மூக்குக் கண்ணாடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள காற்று, 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் நீர்த்துளியாகப் படியும். பேருந்துக்குள் 22 பாகையில் இருந்த லென்ஸுக்கும் அதே கதிதான். கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரை மணி நேரம் பொறுத்திருந்து திறந்தால் மங்காது. பொறுமை இல்லாதவர் லென்ஸைக் கழற்றித் துடைக்கப் போவார். ஈரம் உள்ளேயும் புகுந்துவிடும்.

புதிதாக வாங்கப் பணம் போதவில்லையென்றால் பழையது வாங்கலாம். டோபி காட்டிலிருந்து ஒரே ஒரு நிறுத்தம் தள்ளி சிட்டி ஹால் நிலையம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், கோல்மன் தெருவில் பெனின்சுலா கடைத்தொகுதியும், எதிரே பெனின்சுலா பிளாசாவும் இருக்கின்றன. பழைய கேமராக்களுக்குப் பேர் போன இடம். பிளாசாவில் பர்மியர்களின் கடைகளும் நிறைய. பசித்தால் மொகிங்கா சாப்பிடலாம். கையில் ஒரு டார்ச் விளக்கு கொண்டு போங்கள். லென்ஸின் ஒரு பக்கம் விளக்கை அடித்து மறுபக்கம் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. இழை இழையாகவோ வெண்படலமாகவோ தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு லென்ஸின் பூசணம் மற்ற லென்ஸுக்கும் பரவ வாய்ப்புண்டு. பிறகு துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் கரும்புள்ளி விழுந்தால் தகட்டில் அழுக்கு. அது துடைத்தால் போகும், அதைச் சொல்லி விலை பேசலாம். பேட்டரி மூடியைத் திறந்து பச்சைக் களிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்று கொள்வார்கள். அப்படி அல்ல என்று காட்டும் பொறுப்பு கடைக்காரருடையது. பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது உண்டு, அதன் வயதையும் விலையையும் ஒட்டி. தனி ஆளிடம் நேராக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

வாங்கிய அன்றே சோதித்துப் பார்க்கவும் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. டோபி காட் அருகில் ஃபோர்ட் கேனிங் குன்று. உயரம் ஏறத்தாழ 50 மீட்டர்தான். அடிவாரத்துச் சுரங்கப் பாதையின் முடிவில் ஒரு சுழற்படி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வட்டமான வானமும் மரக்கிளையும் தெரியும். படமெடுக்க இளைஞர்கள் வரிசையில் நிற்கும் இடம் அது. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரே காட்சியில் இருட்டான சுவரும் கண்கூசும் வானமும் இருப்பதால், கேமராவின் திறம் அங்கே வெளிப்பட்டுவிடும். சுவர் கரியாகவும் வானம் சுண்ணாம்பாகவும் விழுந்தால், நம் பால்மரக் காட்டிலும் அப்படியே விழும். மேலே ஏறி மழை நின்ற மரங்களை எடுங்கள். இலை பளபளப்பு வெள்ளையாகத் தெரிந்தால் போலரைசர் என்னும் வடிகண்ணாடியை லென்ஸ் முன் திருகிச் சுழற்றுங்கள். பளபளப்பு அடங்கிப் பச்சை எழும். செம்பனை ஓலையை எடுப்பவர்களுக்கு இதைவிட உதவியான துணைக்கருவி இல்லை.

கேமராவே வாங்க வழியில்லாதவர்கள் இருக்கிறார்கள். கடன் எடுத்து வாங்க வேண்டாம். பிள்ளைகள் கையிலுள்ள கைப்பேசியை முக்காலியில் பொருத்தும் கிடுக்கி ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும். நல்ல வெளிச்சத்தில், அசையாத காலில் நின்று கைப்பேசி எடுக்கும் படம், கையில் நடுங்கும் பெரிய கேமராவின் படத்தைவிடத் தெளிவாகவே இருக்கும்.

கடைசியாகப் பணக் கணக்கு. சிங்கப்பூரில் 2024 ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அதைத் திருப்பித் தரும் திட்டம் உண்டு. ஆனால், அது விமானத்தில் புறப்படுகிறவர்களுக்கு. உட்லண்ட்ஸ் வழியாகப் பேருந்தில் ஜொகூர் திரும்புகிறவர்களுக்குக் கிடையாது. வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்று கடைக்காரர் சொன்னால், எந்த வழியாக ஊர் திரும்புகிறீர்கள் என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு விலையைப் பேசுங்கள்.