கடல் கடந்து வரும் மகள்

ஒரு குழந்தை ஒரு வீட்டுக்கு வந்து சேரும் வழிகள் இரண்டு. பிறப்பால் வருவது ஒன்று; தத்தினால் வருவது மற்றொன்று. முதல் வழியை இயற்கை வகுத்தது. இரண்டாவது வழியை மனிதன் வகுத்தான். மனிதன் வகுத்த வழியாதலின் அதில் அன்புக்கும் இடமுண்டு, வஞ்சகத்துக்கும் இடமுண்டு. அன்பை உள்ளே விடவும் வஞ்சகத்தை வெளியே நிறுத்தவும் வாயிற்காவலாக அமைந்தது தத்துச் சட்டம். அயல்நாட்டிலே பிறந்த ஒரு பெண் குழந்தையை நம் நாட்டுத் தம்பதியர் தத்தெடுத்துத் தம் வீட்டுக்கு அழைத்து வர விரும்பினால் அந்த வாயிலை எவ்வாறு கடக்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஜவ்வாது மலையில் ஆசிரியனாகப் பணிபுரிகிறவனுக்கு இப்பொருளில் என்ன அக்கறை என்று மாணவ மாணவியர் கேட்கக்கூடும். தத்துச் சட்டமெல்லாம் பட்டணத்தாருக்கு உரியது, சாமையும் தேனும் விளையும் மலையூர்களுக்கு அதனோடு யாதொரு தொடர்பும் இல்லை என்ற எண்ணம் இங்கே பலரிடம் உண்டு. உண்மை நேர்மாறானது. மலைவாழ் மக்களைத் தனியே தொடுகின்ற ஒரு விதி அச்சட்டத்தில் இருக்கிறது. அதனைப் பின்னர் விளக்குவேன்.

முதலில் பழைய வரலாற்றைச் சிறிது காண்போம். பிறர் பெற்ற பெண் குழந்தையை மகளாக வளர்த்தல் நம் நாட்டுக்குப் புதியதன்று. உழுசாலில் கண்டெடுத்த சீதையைச் சனகர் மகளாகக் கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசி வனத்திலே கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார்; அக்குழந்தையே ஆண்டாள். மக்கள் உள்ளம் இவ்வாறு மகளை ஏற்றிருக்க, சட்டம் மட்டும் நெடுங்காலம் ஏற்கவில்லை. நீர்க்கடன் செய்யவும் குலம் தழைக்கவும் மகன் வேண்டும் என்பதே பழைய இந்து சாஸ்திர முறையின் நோக்கம். ஆதலால், சில தனி வழக்கங்கள் நீங்கலாக, மகனைத் தத்தெடுக்கலாமே அன்றி மகளைத் தத்தெடுக்க இயலாதிருந்தது. 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்துத் தத்தெடுத்தல், சீவனாம்சச் சட்டமே அத்தடையை நீக்கிற்று. பெண் குழந்தையும் சட்டப்படி தத்து மகளாகலாம் என்ற நிலை அவ்வாண்டில் பிறந்தது.

நிற்க. கடல் கடந்து சென்ற தமிழர் இத்துறையில் சட்டத்துக்கும் முன்னே நடந்தனர் என்பது நீங்கள் அறியத்தக்க செய்தி. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சென்ற நூற்றாண்டிலே தமிழ்க் குடும்பங்கள் பல, சீனப் பெற்றோருக்குப் பிறந்த பெண் குழந்தைகளைத் தம் மக்களாக ஏற்று வளர்த்தன. வறுமை, போர்க்காலத் துன்பம், ஆண் மகவே வேண்டும் என்ற விருப்பம் ஆகியவை காரணமாகச் சில சீனப் பெற்றோர் பெண் சிசுக்களைப் பிறருக்குக் கொடுத்தனர். சீனர் கணக்கின்படி புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1938, 1950, 1962 ஆகியவை அத்தகைய புலி ஆண்டுகள். ஒருவர் ஆகாது என்று விலக்கிய குழந்தையை மற்றொருவர் இலட்சுமி வந்தாள் என்று வரவேற்றனர். அப்பெண்கள் நெற்றியில் பொட்டிட்டு, தமிழ் பேசி, தமிழ்ப் பெண்களாகவே வளர்ந்தனர். தாய்மை குருதியால் மட்டும் உண்டாவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இவ்வாறு கைமாறிய குழந்தைகள் எல்லோருக்கும் முறையான பத்திரம் இருக்கவில்லை. பிறப்புச் சான்று சரியாக இல்லாத குழந்தை, வளர்ந்தபின் பள்ளியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் குடியுரிமை கேட்கும் இடத்திலும் இடர்ப்பட நேரும். வளர்த்தவர் சொத்தில் உரிமை கேட்கும்போதும் வழக்கு எழும். அன்பு குறைவின்றி இருந்தும் எழுத்து இல்லாமையால் ஒரு பெண் தவிக்க வேண்டியிருக்கிறது. இக்குறையைத் தீர்க்கவே சட்டம் பல படிகளை வகுத்திருக்கிறது.

அப்படிகள் யாவை? நாடுவிட்டு நாடு தத்தெடுத்தலுக்கு உலக நாடுகள் பொதுவாக ஒப்புக்கொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் 1993-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் அது முடிவாயிற்று. இந்தியா 2003-ஆம் ஆண்டில் அதனை உறுதி செய்து ஏற்றது. குழந்தை பிறந்த நாடும், குழந்தை சென்று சேரும் நாடும் ஆகிய இரண்டுக்கும் அவ்வுடன்படிக்கை கடமைகளைப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

குழந்தை பிறந்த நாடு பார்க்க வேண்டியவை இவை: குழந்தை உண்மையிலேயே தத்துக்கு உரியதா? அந்நாட்டிலேயே அதற்கு ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முன்னரே ஆராயப்பட்டதா? பெற்றவர் தம் விருப்பத்தால் இசைந்தனரா, பணத்துக்காக இசைந்தனரா? தாயின் இசைவு குழந்தை பிறந்த பின்னரே பெறப்பட்டதா? வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு முன்கூட்டியே கையொப்பம் வாங்கும் கொடுமையை இக்கடைசிக் கேள்வி தடுக்கிறது.

குழந்தையை ஏற்கும் நாடு பார்க்க வேண்டியவை வேறு. தத்தெடுக்க வருவோர் தகுதி உடையவரா? அவர்களுக்கு வேண்டிய ஆலோசனை கூறப்பட்டதா? குழந்தை அந்நாட்டில் நுழைந்து நிலையாக வாழ அனுமதி கிடைக்குமா? இவை யாவும் நிறைவேறி, இரு நாட்டு அதிகாரிகளும் ஒப்பிய பின்னரே குழந்தையைத் தத்துப் பெற்றோரிடம் ஒப்படைத்தல் கூடும்.

நம் நாட்டில் இப்பணிக்கென அமைந்தது மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையம். 'காரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வாணையம் 1990-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தினால் சட்ட ஆணையமாயிற்று. இந்தியக் குடிமக்கள் அயல்நாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கும்போது, முதலில் அந்நாட்டுச் சட்டப்படி அந்நாட்டிலேயே தத்து முறைகளை நிறைவேற்ற வேண்டும். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடாயின் நம் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். நம் அண்டை நாடான இலங்கை அவ்வுடன்படிக்கையில் சேர்ந்த நாடே. ஒப்புதலுக்கு மூன்று அறிக்கைகள் இன்றியமையாதவை. தத்தெடுப்போரின் குடும்பத்தையும் வீட்டையும் ஆராய்ந்த அறிக்கை ஒன்று. குழந்தையின் வரலாற்றைக் கூறும் அறிக்கை ஒன்று. மருத்துவச் சோதனை அறிக்கை மற்றொன்று.

இவை கிடைத்தபின் பயணம். தத்தெடுத்த குழந்தையிடம் அயல்நாட்டுப் பாஸ்போர்ட் இருக்குமாயின், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் நுழைவு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பத்திரங்களைச் சரிபார்த்த பின்னரே தூதரகம் விசா அளிக்கும். உள்துறை அமைச்சகத்தின் அயல்நாட்டினர் பிரிவிலிருந்து குடிநுழைவு அனுமதியையும் தூதரகத்தின் வழியே பெற வேண்டும். விசா வேறு, குடியுரிமை வேறு என்பதை மறத்தலாகாது. விசா வீட்டுக்குள் வர வழி விடும்; அவ்வளவே. குடியுரிமையை 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி தனியே கேட்டுப் பெற வேண்டும். மகிழ்ச்சி மிகுதியில் இப்படியை விட்டுவிட்டால் பிற்காலத்தில் துன்புறுபவள் அம்மகளே.

ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவர இத்தனை தடைகளா என்று உங்களுள் சிலர் சலித்துக்கொள்ளலாம். தடைகள் இல்லாத காலத்தில் நேர்ந்தவற்றைக் கேளுங்கள். 1980-களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான சிசுக்கள் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றன. பெற்ற தாயென வேறொரு பெண் அதிகாரிகள்முன் நின்று கையொப்பமிட்ட சம்பவங்களும் அவற்றுள் உண்டு. இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய்ந்த நெதர்லாந்து நாட்டுக் குழு ஒன்று 2021-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையைக் கண்டபின், அந்நாடு அயல்நாட்டுத் தத்தையே சில காலம் நிறுத்திற்று. தென் கொரியாவிலிருந்து 1950-களுக்குப் பின் ஏறத்தாழ 2,00,000 குழந்தைகள் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர் என்று மதிப்பிடுகின்றனர். அவற்றுட் பலவற்றில் பத்திரங்கள் பொய்யாக எழுதப்பட்டன என்பதையும் அதற்கு அரசாங்கமே பொறுப்பு என்பதையும் அந்நாட்டு உண்மை ஆணையம் 2025-ஆம் ஆண்டில் அறிவித்தது. நம் சென்னையும் விலக்கன்று. குடிசைப் பகுதிகளிலே திருடப்பட்ட குழந்தைகள், கைவிடப்பட்ட குழந்தைகள் என்ற பொய்ப் பத்திரத்துடன் அயல்நாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்ட செய்தி 2005-ஆம் ஆண்டில் போலீஸ் விசாரணையில் வெளிப்பட்டது. ஏற்ற பெற்றோர் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். எனினும் இங்கே ஒரு தாய் தன் குழந்தையைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தாள். ஒரு வீட்டின் மகிழ்ச்சி மற்றொரு வீட்டின் கண்ணீரால் வாங்கப்படலாகாது; இதுவே எல்லாப் படிகளுக்கும் அடிப்படையான நீதி.

இந்நீதியை நம் நாட்டில் முதன்முதல் தெளிவாக வகுத்தது உச்சநீதிமன்றம். இலட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நீதிபதி பகவதி அவர்கள் தீர்ப்பளித்தார். குழந்தைக்குத் தாய்நாட்டிலேயே குடும்பம் தேட வேண்டும். அது கிட்டாதபோதே அயல்நாட்டைக் கருத வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இனி, மலைவாழ் மக்களைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்ட விதிக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டின் இந்துச் சட்டம், மத்திய அரசாங்கம் தனியே அறிவித்தாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்குச் செல்லாது என்று அச்சட்டமே கூறுகிறது. ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். அவர்கள் குலதெய்வங்களை வழிபட்டாலும், விளக்கேற்றிப் பொங்கலிட்டாலும், அந்தச் சட்டத்தைக் காட்டித் தத்து கோர இயலாது. அங்ஙனமாயின் அவர்களுக்கு வழி இல்லையா? உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் மதமோ குலமோ பாராது எல்லோருக்கும் பொதுவானது. எம்மதத்தவரும் அதன்படி தத்தெடுக்கலாம் என்று 2014-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. ஜமுனாமரத்தூரில் இருப்பவரும் சென்னை மயிலாப்பூரில் இருப்பவரும் அச்சட்டத்தின்முன் சமமானவர்களே. தத்து உத்தரவை முன்பு நீதிமன்றம் வழங்கிற்று. 2021-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் மாவட்ட ஆட்சித் தலைவர் வழங்குகிறார். அவ்வுத்தரவு பிறந்த நாள் முதல் அக்குழந்தை, வயிற்றில் பிறந்த மகளுக்குரிய எல்லா உரிமைகளையும் பெறுகிறாள்.

இதன் மறுபக்கம் மலையூர்களுக்கு மிக முக்கியமானது. வறுமையாலோ வேறு துன்பத்தாலோ ஒரு தாய் தன் சிசுவை வளர்க்க இயலாத நிலை வரலாம். அப்போது இனிய மொழி பேசி, கையில் சிறிது பணம் வைத்து, குழந்தையை வாங்கிச் செல்ல இடைத்தரகர் வருவர். அது தத்தன்று, விற்பனை. அதற்கு ஐந்தாண்டு வரையில் கடுங்காவல் தண்டனையும் ஒரு இலட்ச ரூபாய் அபராதமும் உண்டு. நேரிய வழி வேறு. தாய் குழந்தைகள் நலக் குழுவின்முன் சென்று தன் நிலையைக் கூறலாம். அவளுக்கு ஆலோசனை கூறுவர். குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஊக்குவிப்பர். அதன் பின்னும் அவள் ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாத காலம், பெற்றவளின் கண்ணீருக்குச் சட்டம் காட்டும் மரியாதை. தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும், பெண் சிசு உயிர் இழக்காமல் அரசின் கையில் வந்து சேரட்டும் என்ற எண்ணத்தில் எழுந்ததே. குழந்தைக்கு ஆபத்து நேருமிடத்தில் 1098 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முடிவாக ஒன்று கூறுவேன். கடல் கடந்து வந்த மகளுக்குப் பெற்றோர் கொடுக்க வேண்டியவை உணவும் உடையும் கல்வியும் மட்டுமல்ல. அவள் எங்கே பிறந்தாள், எவ்வாறு வந்தாள் என்ற உண்மையையும் கொடுக்க வேண்டும். பிறப்பு பற்றிய குறிப்புகளைப் பாதுகாக்க வேண்டும் என்று ஹேக் உடன்படிக்கையே விதிக்கிறது. உண்மையைப் பிறர் வாயால் கேட்டுத் திடுக்கிடும் மகளைக் காட்டிலும், பெற்றோர் மடியிலிருந்தே கேட்டு அறியும் மகள் மன உறுதியோடு வளர்வாள். நாளை உங்களுள் ஒருவர் வழக்கறிஞராகலாம், ஒருவர் செவிலியாகலாம், ஒருவர் கிராம நிர்வாக அலுவலராகலாம். அன்று ஒரு சிசுவின் பத்திரம் உங்கள் கைக்கு வரும். அதில் கையொப்பமிடுமுன், அக்குழந்தையைப் பெற்றவள் எங்கே, அவள் மனமார இசைந்தாளா என்று ஒருமுறை கேளுங்கள்.